இருபதாவது ஸ்டேஜ்

1997

ஜூன் 9, திங்கள்

நான்காவது ஸ்டேஜில் இன்றும் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள். சாவி அவர்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே இருக்கிறது. ஒருவரும் எடுப்பதில்லை. ஆட்டம் தொடங்கியதும் ஓடிப்போய்க் கதவை முட்டுகிறார்கள். பூட்டியிருக்கிறது என்று தெரிந்த பிறகு வீடு முழுக்கத் தேடுகிறார்கள். புறப்பட்ட இடத்தை மட்டும் பார்ப்பதில்லை.

பிரபு அண்ணன் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். ஆட்டத்துக்கு ‘உள்வீடு’ என்று பேர் வைத்ததும் கம்ப்யூட்டரில் எழுதுவதும் அவர். வீடுகளை வரைவது நான். கட்டம் போட்ட நோட்டில் சுவருக்குக் கறுப்பு, கதவுக்கு ஓர் எழுத்து. அவர் அதைப் பார்த்து டைப் அடிப்பார். ஆட்டக்காரன் ஒரு சின்னப் புள்ளி. வாசலில் நுழைந்து, சாவி தேடி, ஒவ்வொரு கதவாகத் திறந்து கடைசி அறைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அண்ணன் பெரியம்மா மகன். அதனால்தான் அவருடைய கம்ப்யூட்டர் சென்டரைப் பெருக்கித் துடைக்க என்னைக் கூப்பிட்டார். திங்கள், புதன், வெள்ளி காரைக்குடி. மற்ற நாள் கண்டனூரில் அம்மாவோடு. ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் நிறுத்தவில்லை. எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வார்கள், எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்படியே இரண்டு வருடம் ஆகிவிட்டது.

துடைப்பத்தோடு பின்னால் நின்றால் ஆடுகிறவர்களுக்கு நான் இருப்பதே தெரியாது. முகத்தைப் பார்க்க மாட்டேன். விரலைப் பார்ப்பேன். விரல் வேகமாகத் தட்ட ஆரம்பித்தால் யோசிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஜூன் 11, புதன்

அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டைச் சணலில் கோத்து மேஜையில் கட்டிவிட்டார். ‘உள்வீடு ஆடியவர்கள் குறை நிறை எழுதவும்.’ முதல் ஆள் எழுதியது:

‘நாலாவது ஸ்டேஜ் போட்டவனுக்கு மண்டையில என்ன இருக்கு?’

நான்கு தரம் படித்தேன். கோபம் வரவில்லை. என் மண்டையைப் பற்றி ஒருவர் இவ்வளவு நேரம் நினைத்திருக்கிறார்.

சாவியை நகர்த்தினேன். இப்போது அதை மிதிக்காமல் கதவுக்குப் போக முடியாது. ஒரு தடவை காலில் இடறினால்தான் அடுத்த ஸ்டேஜில் தரையைப் பார்ப்பார்கள்.

ஜூன் 16, திங்கள்

புது விதி ஒன்று சொன்னேன். கடைசி அறைக்குப் போனால் மட்டும் போதாது. எடுத்த சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் ஸ்டேஜ் முடியும்.

இது அம்மாவின் விதி. ‘எடுத்த எடத்துல வைய்யி’ என்று ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்வாள். கண்டனூரில் அம்மா பார்த்துக்கொள்ளும் வீடு செட்டியார் வீடு. அவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கல்யாணம், பொங்கல், கோயில் படைப்பு என்று வருடத்தில் பத்து நாள் வருவார்கள். மிச்ச நாளெல்லாம் அத்தனை பெரிய வீட்டுக்கு அம்மாவும் இருபத்திரண்டு சாவிகளும் நானும்தான். அப்பா போன பிறகும் நம்பி எங்களிடமே விட்டிருக்கிறார்கள். பின்கட்டுக்குப் பக்கத்து அறையில் இருக்கிறோம்.

அண்ணன் முனகிக்கொண்டே விதியைச் சேர்த்தார்.

ஜூன் 20, வெள்ளி

காலேஜ் பையன்கள் எல்லாரும் திட்டி எழுதியிருக்கிறார்கள். ‘சாவியைத் திரும்ப வைக்க நான் என்ன வேலைக்காரனா?’ ‘வெட்டி வேலை.’ ‘இந்த ரூலை எடு.’

கடைசியில் பச்சை மையில் ஒன்று. அச்சு மாதிரி எழுத்து.

‘மிக நல்ல விதி. எடுக்க வேண்டாம். வீட்டுக்காரர் வந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல் இருக்க வேண்டும். இதை யோசித்தவர் சாதாரண ஆள் இல்லை.’

அண்ணன் பொறாமையாக இருக்கிறது என்றார். பஸ்ஸில் வரும்போது கம்பியைப் பிடித்திருந்த கை வியர்த்துக்கொண்டே வந்தது.

ஜூன் 25, புதன்

பச்சை மை மறுபடியும். செவ்வாய், வியாழன் வகுப்புக்கு வருகிறவராம். அதனால் நான் பார்த்ததில்லை.

‘பதினோராவது ஸ்டேஜ் பார்த்தேன். இது பொம்மை வீடு. அறைகள் சிதறிக் கிடக்கின்றன. நம் ஊர்ப்பக்க வீடு இப்படியா இருக்கும்? முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் அல்லவா? உங்களுக்குத் தெரிந்த வீட்டை வரையுங்கள்.’

சரிதான். நான் இதுவரை போட்டதெல்லாம் வெறும் சுவர்கள். யாரும் குடியிருந்த இடம் இல்லை. ஆடுகிறவர்களுக்கு அது தெரிகிறது.

தெரிந்த வீடு என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும்.

ஜூன் 30, திங்கள்

பன்னிரண்டாவது: முகப்பு மட்டும். பதின்மூன்று: முகப்பைத் தாண்டிய முற்றப் பகுதியான வளவும் அதைச் சுற்றிய அறைகளும். நடுமுற்றத்தில் வெயில் விழும் இடத்தில் நடந்தால் சுற்றிவர எல்லாக் கதவும் தெரியும், ஆனால் எது எதற்குப் பூட்டு என்று தெரியாது. சின்ன வயதில் எனக்கு அப்படித்தான் இருந்தது.

யாரும் மாட்டவில்லை, ஆனால் யாரும் சீக்கிரம் முடிக்கவும் இல்லை. ஒரு பையன் முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டான். அதுதான் எனக்கு வேண்டும். இதற்குத்தான் ஆசைப்பட்டேன் என்று அந்த மூச்சைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 4, வெள்ளி

பச்சை மைக்காரர் இன்று வந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு வகுப்பு இல்லை. எனக்காகவே வந்தாராம்.

பெயர் பொன்னழகு. நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் பச்சைப் பேனா. வெளிநாட்டுக்குக் கடிதம் டைப் அடிக்கப் படிக்கிறாராம். அண்ணன் என்னைக் காட்டினார். நான் துடைப்பத்தைப் பின்னால் மறைத்தேன்.

“இதைப் போட்டது நீங்கதானா தாயி? நானும் இருபது வருசமா வீடு வீடாப் போறவன். இம்புட்டு வெவரமா வீடு தெரிஞ்சவுகளை நான் பாத்ததில்ல.”

‘நீங்க’ என்றார். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அவர் உட்கார்ந்து பதின்மூன்றாவதை ஆடினார். விரல் அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு கதவின் முன்பும் நின்று பார்த்துத்தான் நடந்தார். இடது கைப் பெருவிரலில் நகம் இல்லை, வழுவழுவென்று இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

ஆட்டம் தொடங்கும் திரையில் அண்ணன் என் பெயரைப் போட்டிருக்கிறார். இங்கிலீஷ் எழுத்தில்தான் வரும். ‘ஸ்டேஜ்கள்: ஆன் மேரி, கண்டனூர்.’

வேண்டாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், எழுதிவிடுகிறேன்.

எல்லாரும் போன பிறகு நான் மட்டும் மெஷினைப் போட்டு அந்தத் திரையைப் பார்த்தேன். மூன்று தடவை.

ஜூலை 16, புதன்

பச்சை மை: ‘பதினாறு அருமை. இரண்டாம் கட்டுக்குப் போகும் படியின் உயரம்கூடத் தெரிகிறது. ஒரு குறை. இத்தனை பெரிய வீட்டுக்கு உள்ளே போக ஒரே வழிதானா? முன்வாசலில் பூட்டிவிட்டால் வீட்டு ஆட்களே எப்படி நுழைவார்கள்? யோசியுங்கள்.’

யோசித்தேன். பின்வாசல் கதவுக்கு உள்ளே குறுக்குக் கட்டை. வெளியிலிருந்து திறக்க முடியாது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் நானும் அம்மாவும் கோயிலுக்குப் போய்ச் சாவியை உள்ளேயே விட்டு வந்தால், இடப்பக்கப் பலகை இடுக்கில் அரிவாள் நுனியை விட்டுக் கட்டையைத் தூக்குவோம். இரண்டு தரம் அப்படி வந்திருக்கிறோம்.

பதினேழில் அதைப் போட்டேன். பின்கதவின் இடப்பக்கம் நின்று மேல் அம்பை மூன்று தரம் தட்டினால் திறக்கும். யாருக்கும் சொல்ல மாட்டேன். கண்டுபிடிக்கட்டும்.

ஜூலை 18, வெள்ளி

கண்டுபிடித்தவர் ஒருவர்தான். பச்சை மையில் ஒரே ஒரு வார்த்தை: ‘பலே.’

ஜூலை 23, புதன்

சென்னையிலிருந்து செட்டியாரின் மனைவி ஆச்சி கடிதம் போட்டிருக்கிறார்கள். மகள் கண்ணம்மைக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம், கண்டனூர் வீட்டில்தான். வெள்ளையடிக்க வேண்டும். சாமான் அறையை மட்டும் யாரும் தொட வேண்டாம், வந்து நானே திறக்கிறேன் என்று எழுதியிருக்கிறார்கள். சாமான் அறையில்தான் வெள்ளிப் பாத்திரங்கள், பழைய கல்யாணச் சீர் எல்லாம்.

அம்மா எண்ணெய்த் துணியால் கதவுகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். சந்தோஷமாக இருக்கிறாள்.

ஜூலை 28, திங்கள்

பச்சை மை: ‘இருபதாவதுதான் கடைசி என்று உங்கள் அண்ணன் சொன்னார். கடைசிச் சாவியைக் கொத்தில் வைத்துவிடாதீர்கள். கொத்தில் இருந்தால் எல்லா ஸ்டேஜும் போல் ஆகிவிடும். நிஜ வீட்டில் மிக முக்கியமான சாவி எங்கே இருக்கும்? தெரிந்தவர் நீங்கள்தான்.’

கேள்வி சரியான கேள்வி. அதனால்தான் தூக்கம் வரவில்லை.

அம்மாவின் கொத்தில் சாமான் அறைச் சாவி இல்லை. ஒன்று செட்டியாரிடம் சென்னையில். அதன் ஜோடி இங்கே, அடுப்படி உள்ளறையின் மேல் பலகையில், சிவப்பு மரவைக்குள். அந்த மரக்கிண்ணம் நிறையக் காய்ந்த வேப்பம்பூ. அதற்கு அடியில் சாவி. அப்பா இறந்த வாரம் அம்மா என்னைத் தூக்கிக் காட்டினாள். “எனக்கு ஒண்ணு ஆனா நீதான் ஆச்சிக்கிட்ட சொல்லணும். உனக்கும் எனக்கும் மட்டுந்தான்.”

விளையாட்டுத்தானே. திரையில் அது ஒரு கட்டம். அது மரவை என்று யாருக்குத் தெரியும்?

ஜூலை 30, புதன்

இருபது முடிந்தது.

நான் செய்ததிலேயே நல்லது இதுதான். முன்வாசல் தொடங்கிப் பின்வாசல் வரை முழு வீடு. பத்தொன்பது ஸ்டேஜில் கற்றுக்கொண்ட எல்லாம் இதில் வேண்டும். மேல் பலகைக்குப் போக வழியே இல்லாதது போல் இருக்கும். உரலை நகர்த்தி அதன் மேல் ஏற வேண்டும். அம்மா அப்படித்தான் ஏறுவாள்.

அண்ணன் எந்த இடத்திலும் கைவைக்காமல் அப்படியே ஏற்றினார். முதல் நாளே எட்டுப் பேர் பிளாப்பியில் காப்பி எடுத்துப் போனார்கள்.

நோட்டில் யாரோ ‘அடுத்த ஆட்டம் எப்போ?’ என்று கேட்டிருந்தார்கள். முதல் தடவையாக நான் பதில் எழுதினேன். ‘ஆகஸ்ட் 14 முதல் 16 வரை மாதா கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறோம். 18ஆம் தேதிக்கு மேல் பார்க்கலாம். ஆன் மேரி.’

ஆகஸ்ட் 6, புதன்

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா எரிச்சலாக இருந்தாள். பழைய சாமான் வியாபாரி ஒருவன் வாசலில் வந்து நின்றானாம். தூண் இருக்கா, பீங்கான் இருக்கா, மரவை இருக்கா என்று கேட்டானாம்.

“முந்தியும் ஒருதரம் வந்தவந்தான். விக்கிறதுக்கு இல்ல, அங்குட்டுப் போங்கன்னு அனுப்பிட்டேன். வாசப்படி ஏறாம நின்னுக்கிட்டே உள்ள எல்லாத்தையும் பாக்குறான். தெரிஞ்ச வீட்டைப் பாக்குற மாதிரி. பெருவெரல்ல நகங்கூட இல்ல அவனுக்கு.”

எந்தக் கையில் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

நகம் இல்லாதவர்கள் எத்தனையோ பேர். தச்சு வேலை செய்கிறவர்களுக்கு, அச்சகத்தில் இருக்கிறவர்களுக்கு. அடிபட்டால் விழுந்துவிடும்.

வெள்ளைச் சட்டையா என்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இருபதை எடுத்துவிடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். ஏன் என்றார். பிடிக்கவில்லை என்றேன். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கம் முழுக்க இருபதைப் பற்றித்தான். ‘இப்படி ஒரு ஸ்டேஜ் பார்த்ததில்லை.’ ‘போட்டவர் கையைக் காட்டுங்கள்.’

“உனக்குக் கூச்சம் மேரி. நல்லா இருக்குன்னு சொன்னாக்கூடப் பயம்.”

பொன்னழகு எப்போது கடைசியாக வந்தார் என்று கேட்டேன். நேற்று வந்து இருபதை மட்டும் நான்கு தரம் ஆடினாராம். நான்காவது தரம் கடிகாரத்தை மேஜையில் கழற்றி வைத்துக்கொண்டு ஆடினாராம். எழுத ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போய்விட்டாராம்.

நோட்டில் நான் எழுதிய பதிலுக்குக் கீழே பச்சையில் ஒரு கோடு. 14க்கும் 16க்கும் அடியில் மட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று சென்டருக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன்.

அம்மா வெள்ளையடிக்கிறவர்களோடு இருந்தாள். நான் உரலை நகர்த்தி ஏறினேன். மரவையைத் தொட்டேன். சாவியை எடுத்து வேறு எங்கேயாவது வைத்துவிட்டால் போதும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே வைப்பது? எங்கே வைத்தாலும் அம்மா பார்ப்பாள். வாரம் ஒரு தரம் ஏறித் தடவிப் பார்க்கிறவள். காணோம் என்றால் கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். ஒரு மனிதரின் நகத்தை வைத்து நான் என்ன சொல்வேன்? சொன்னால் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். மரவையை வரைந்ததைச் சொல்ல வேண்டும்.

இறங்கிவிட்டேன். உரலை அதே இடத்தில் வைத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

அம்மாவிடம் திருவிழாவுக்கு வரவில்லை, நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்பாவுக்காக நேர்ந்துகொண்டது, தேரில் மெழுகுவர்த்தி ஏற்றாமல் எப்படி என்றாள். வயசுப் பெண்ணை இத்தனை பெரிய வீட்டில் தனியாக விட்டுவிட்டா போவேன் என்றாள்.

சாவியை வேறு இடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். சும்மா கேட்பதுபோல்.

“ஏண்டி? எனக்கு முந்தி இருந்த அன்னக்கிளி காலத்துலேருந்து அங்குனதான் இருக்கு. எவனுக்குத் தெரியும்?”

தொண்டை வரை வந்தது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்றது மாதிரியே நின்றேன். அம்மா காத்திருக்கவில்லை, பெட்டிக்குள் சேலையை மடித்து வைக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி. காளையார்கோவில் பக்கம், பெரியம்மா வீடு

தேர் நன்றாக இருந்ததாம். எனக்கு நினைவில் இல்லை.

பிரபு அண்ணனும் வந்திருக்கிறார். சென்டரும் பூட்டி, வீடும் பூட்டி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நேற்று வந்துவிட்டோம். ஒன்றும் ஆகவில்லை. முன்பூட்டு அப்படியே. எல்லாக் கதவும் பூட்டியே இருக்கிறது. அம்மா உரலில் ஏறித் தடவிப் பார்த்தாள். சாவி இருக்கிறது. ‘மாதாவே’ என்று இறங்கினாள்.

நான் எவ்வளவு பைத்தியக்காரி. அந்த மனிதரைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன். பாவம்.

அதே நாள், கொஞ்ச நேரம் கழித்து

பின்கதவுக்குப் போனேன். கட்டை இருக்கிறது. அம்மா எப்போதும் தடித்த முனையைச் சுவர்ப்பக்கம் போடுவாள். இப்போது மெல்லிய முனை சுவர்ப்பக்கம்.

வெள்ளையடித்தவர்கள் மாற்றிப் போட்டிருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பொன்னழகு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாராம். சர்ட்டிபிகேட் கூட வாங்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

அம்மா முற்றத்தில் பாடிக்கொண்டே தூண் துடைக்கிறாள். சாமான் அறைக் கதவைத் தாண்டும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

உள்வீட்டில் ஒரு குறையைப் பற்றிப் பையன்கள் அடிக்கடி எழுதுவார்கள். மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டோம் என்று ஆட்டம் சொல்வதில்லை, அரைமணி நேரம் சும்மா நடந்துகொண்டே இருக்கிறோம் என்று. நான் அதைச் சரிசெய்யவே இல்லை.

செப்டம்பர் 3, புதன்

ஆச்சி வந்துவிட்டார்கள். செட்டியார், கண்ணம்மை அக்கா, இன்னும் ஆறேழு பேர். பத்து மணிக்கு ஆச்சி தானே சென்னைச் சாவியைப் போட்டுச் சாமான் அறையைத் திறந்தார்கள்.

வெறும் பலகைகள். தூசியில் வட்டம் வட்டமாகப் பாத்திரம் இருந்த தடம்.

ஆச்சி கத்தவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அம்மாவின் கை மடியில் இருந்த சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 4, வியாழன்

அம்மாவைக் காலையில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் இருட்டிய பிறகு அனுப்பினார்கள். நாளையும் வரவேண்டுமாம். அடிக்கவில்லை என்கிறாள். பெஞ்சில் உட்காரச் சொல்லவும் இல்லையாம்.

எஸ்.ஐ. வீட்டுக்கு வந்து பார்த்தார். எல்லார் முன்னாலும் அம்மாவிடம் சொன்னார்: “பூட்டு ஒடயல. கதவு ஒடயல. சாவி வச்ச எடத்துல வேப்பம்பூவுக்கு அடியில பத்திரமா இருக்கு. அப்ப வீடே சாமானைத் தின்னுருச்சா, அருளம்மா?”

செட்டியார் பக்கத்து ஆட்கள் சிலர் சிரித்தார்கள்.

எடுத்த இடத்தில் வைத்திருக்கிறான். என் விதி. வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பியிருக்கிறான். இருபதாவது ஸ்டேஜை ஒரு தப்பும் இல்லாமல் முடித்திருக்கிறான்.

பூட்டை உடைத்திருந்தால் அம்மாவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

அம்மாவை மறுபடியும் கூட்டிப் போய்விட்டார்கள். பத்தொன்பது வருசம். ஒரு ஸ்பூன் காணாமப் போனதில்ல. எல்லாம் என்னால. நான் ஏன் சொல்லல? எம்புட்டு நாள் இருந்துச்சு. ஏழாம் தேதி சொல்லிருக்கலாம். பதினொண்ணாம் தேதி. பதிமூணாம் தேதி அம்மா முன்னாலயே நின்னேனே —

சென்டருக்குப் போய் நோட்டின் சணலை அறுத்து எடுத்துக்கொண்டேன். அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். திரையில் உன் பேரையும் ஊரையும் போட்டது நான்தானே என்றார்.

அவரே ஆச்சியிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அவர் சொன்னால் கதை மாதிரி இருக்கும். கடைசிச் சாவி எங்கே என்று எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

செப்டம்பர் 6, சனி

காலையில் ஆச்சி வளவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். போய் முன்னால் நின்றேன். முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். சொல்ல நினைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

“ஆச்சி, நீங்க ஒண்ணு பாக்கணும். காரைக்குடிக்கு வரணும்.”

எதற்கு என்று கேட்டார்கள். நோட்டை நீட்டினேன். பச்சை மை இருந்த பக்கங்களை மட்டும் மடித்து வைத்திருந்தேன். நின்றுகொண்டே படித்தார்கள். ஒன்றும் புரியவில்லை என்றார்கள், ஆனால் செருப்பைப் போட்டார்கள்.

சென்டரில் அண்ணன் இருபதாவதை எடுத்துவைத்தார். ஆச்சி கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. இந்த நான்கு அம்புதான் என்று காட்டினேன். வைர மோதிரம் போட்ட விரல் முதலில் தயங்கித் தயங்கித் தட்டியது. முகப்பைத் தாண்டி வளவுக்கு வந்ததும் நின்றார்கள். வலப்பக்கம் மூன்றாவது கதவைப் பார்த்தார்கள். கல்யாணமாகி வந்தபோது அவர்களுக்குக் கொடுத்த அறை அது.

அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் மாட்டவில்லை. காலேஜ் பையன்கள் ஒரு வாரம் திணறிய ஸ்டேஜ். ஆச்சிக்கு ஏழு நிமிடம். உரலை நகர்த்தினார்கள். ஏறினார்கள். சிவப்புக் கட்டத்துக்கு முன்னால் விரலை எடுத்துவிட்டார்கள்.

“இது எங்க வீடு” என்றார்கள். கேள்வி மாதிரி இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்கள். “இதை வரையச் சொல்லி உன்னை யாரும் மெரட்டுனாகளா?”

இல்லை என்றேன்.

“பெறகு?”

“நல்லா இருக்குன்னு சொன்னாரு, ஆச்சி.”

ஆச்சி நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 8, திங்கள்

ஆச்சி செட்டியாரோடு ஸ்டேஷனுக்குப் போய் நோட்டைக் கொடுத்தார்கள். நானும் போனேன். எஸ்.ஐ. கேட்டதற்கெல்லாம் எழுந்து நின்று பதில் சொன்னேன். தொண்டை அடைத்தது. அடைத்தபடியே சொன்னேன்.

அம்மா மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மரவை என்று நான் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பஸ் புதுவயலைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“உங்கிட்ட மட்டுந்தானடி காட்டுனேன்.”

செப்டம்பர் 15, திங்கள்

பொன்னழகு பிடிபட்டுவிட்டார். அவருடைய சரக்குக் கிட்டங்கியில் பாதிப் பாத்திரங்கள் இருந்தன. மீதி கப்பல் ஏறிவிட்டது. ‘நான் பூட்டை உடைக்கவில்லை, அந்தப் பிள்ளை வழி போட்டுக் கொடுத்தது, நடந்தேன்’ என்று சொன்னாராம்.

கல்யாணம் நடந்தது. இரவல் பாத்திரத்தில் சீர் வைத்தார்கள். நாங்கள் அறையை விட்டு வெளியே வரவில்லை. சென்னைக்குப் புறப்படும்முன் ஆச்சி அம்மாவைக் கூப்பிட்டார்கள். உன் மேல் தப்பு இல்லை என்றார்கள். ஆனால் கையை நீட்டினார்கள். அம்மா இருபத்திரண்டு சாவிகளையும் ஒவ்வொன்றாக, இது எந்தக் கதவு என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள்.

அக்டோபர் 10, வெள்ளி

காரைக்குடியில் வாடகை வீடு. ஒரே அறை. அம்மா பள்ளத்தூரில் ஒரு ஹாஸ்டலுக்குச் சமைக்கப் போகிறாள்.

அண்ணன் உள்வீட்டை மெஷின்களிலிருந்து அழித்துவிட்டார். காப்பி எடுத்துப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். எட்டுப் பேர் எடுத்தார்கள், அவர்களிடம் எத்தனை பேர் எடுத்தார்களோ என்றார்.

நவம்பர் 5, புதன்

திருச்சியில் படிக்கும் ஒரு பையனிடமிருந்து சென்டர் முகவரிக்கு அஞ்சல் அட்டை. அண்ணன் என்னிடம் நீட்டினார். ‘உள்வீடு எங்கள் ஹாஸ்டலில் எல்லாரும் ஆடுகிறோம். இருபதாவது அபாரம். அந்த வீடு நிஜமாகவே இருக்கிறதா? கண்டனூர் வந்தால் பார்க்கலாமா?’

கிழித்தேன். கிழித்த துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

நவம்பர் 17, திங்கள்

இந்த வீட்டுக்கு ஒரு கதவு, ஒரு பூட்டு, ஒரு சாவி. அம்மா வேலைக்குப் போகும்போது நான் சென்டரிலிருந்து வரும் நேரத்தைக் கேட்டுக்கொள்கிறாள். நான் வந்தால் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். அம்மா பஸ் இறங்கி வந்து, என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, சாவியை எங்கிருந்தோ எடுத்துக் கதவைத் திறப்பாள்.

நான் திரும்பிக்கொள்கிறேன்.